உருவம் எழுதுவித்தோர்

நம் சங்கத்தின் வெள்ளி விழாவை முன்னிட்டு, சங்கக் கூடத்தில் நிறுவனரின் உருவப்படம் ஒன்றை ஓவியரைக் கொண்டு எழுதுவித்து வைக்க வேண்டும் என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானம் நிறைவேறிற்று. அத்தீர்மானத்தின்மீது நடந்த வாதங்களை உறுப்பினர்கள் மறந்திருக்கமாட்டார்கள். "கணிப்பொறியில் கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் பெரிதாக்கித் தந்துவிடுவார்கள், இதற்கு ஓவியர் எதற்கு?" என்று ஓர் இளைஞர் வினவினார். "ஓவியரை எங்கே போய்த் தேடுவது, என்ன பேசுவது, எவ்வளவு கொடுப்பது?" என்று மற்றொருவர் வினவினார். இரண்டும் நியாயமான வினாக்களே. அவற்றுக்கு அன்று எவரும் முழுமையாக விடையளிக்கவில்லை. மலர்க்குழுவினர் அடியேனைக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு பணித்தபோது, இதனையே பொருளாகக் கொள்ளலாம் என்று கருதினேன். நாம் வாழும் இச்சென்னை மாநகரில், உருவம் எழுதுவித்தவர்கள் யார், யாரிடம் சென்று எழுதுவித்தார்கள், எழுதப்பட்ட முகத்தை முடிவு செய்தவர் யார் என்பதை ஆராய்ந்தால் நமக்கு வேண்டிய விடை அதனுள்ளேயே கிடைக்கும்.

நம் முன்னோர்க்கு உருவப்படம் இல்லை. நம்முள் எத்தனை பேர் வீட்டில் கொள்ளுப்பாட்டனாரின் படம் இருக்கிறது? செல்வர் வீட்டுக் கூடங்களில் மூன்று தலைமுறையினர் சட்டமிட்ட படங்களில் வரிசையாக அமர்ந்திருப்பர். நம் குடிசைகளில் மறைந்தவரின் நினைவாக இருந்தது ஓர் அகல்விளக்கும், மாடத்தில் வைத்த செங்கல்லுமே. முகம் எழுதுவிப்பதற்குப் பொருள் வேண்டும். பொருளினும் மேலாக, நம் முகம் எழுதப்படத் தக்கது என்னும் எண்ணம் வேண்டும். அந்த எண்ணமே நமக்கு மறுக்கப்பட்டிருந்தது.

இதற்குத் தலைசிறந்த சான்று மயிலாப்பூரிலேயே இருக்கிறது. திருவள்ளுவர் மயிலையில் பிறந்தார் என்பது வழிவழி வந்த நம்பிக்கை. முண்டகக்கண்ணியம்மன் கோயிலுக்கு அருகே அவருக்கும் வாசுகி அம்மையாருக்கும் கோயில் உண்டு. பங்குனிப் பெருவிழாவில் அறுபத்து மூவர் உலா வரும் நாளில் வள்ளுவரும் வாசுகியும் மாடவீதியில் எழுந்தருள்வதை நாம் சிறுவயது முதல் கண்டு வருகிறோம். ஆயினும் வள்ளுவரின் மெய்யான முகத்தைக் கண்டவர் எவரும் இலர். முகம் அறியப்படாத ஒருவருக்கு முகம் அமைக்க முற்பட்டபோது, அமைப்பிப்பவர் தம் விருப்பத்தையே அம்முகத்தில் எழுதுவித்தார்கள். சைவர் எழுதுவித்த படத்தில் நெற்றியில் திருநீறும், கழுத்தில் உருத்திராக்கமும், தலையில் சடாமுடியும் இருந்தன. மார்பில் பூணூலுடன் எழுதப்பட்ட படங்களும் உண்டு. வள்ளுவர் என்னும் பெயரே நம்மோடு உறவுடைய ஒரு குடியின் பெயராக இருக்க, அந்த உறவு எந்தப் படத்திலும் தலைகாட்டவில்லை.

இதனிடையே வியப்பான ஓர் உருவம் நம் கவனத்திற்கு உரியது. பிரான்சிஸ் வைட் எல்லிஸ் என்னும் ஆங்கிலேயர் 1810 முதல் சென்னையின் கலெக்டராக இருந்தவர். தமிழ் கற்றுத் திருக்குறளுக்கு விளக்கம் எழுத முற்பட்டவர். தென்னிந்திய மொழிகள் ஒரு தனிக் குடும்பம் என்பதனைக் கால்டுவெல்லுக்கும் நாற்பது ஆண்டுகள் முன்பே, 1816-இல், எடுத்துக்காட்டியவர். சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம் நேர்ந்தபோது 27 கிணறுகள் வெட்டுவித்தவர். இராயப்பேட்டைப் பெரியபாளையத்தம்மன் கோயிலில் கண்ட 1818-ஆம் ஆண்டுக் கல்வெட்டு இச்செய்தியைத் திருக்குறள் ஒன்றைச் சான்று காட்டிப் பேசுகிறது. இந்த எல்லிஸ் நாணயச் சாலையின் பொறுப்பிலும் இருந்தார். வள்ளுவர் உருவம் பொறித்த பொற்காசுகளை அவரே அச்சிடுவித்தார் என்பதனை நாணய ஆராய்ச்சியாளர் ஐராவதம் மகாதேவன் 1990-களில் எழுதி விளக்கினார். அக்காசில் வள்ளுவர் துறவியைப்போல் அமர்ந்திருக்கிறார், தலைக்குமேல் குடை கவிந்திருக்கிறது, மறுபுறத்தில் நட்சத்திரம். சைவக் கோலம் இல்லை. சமணத் துறவியின் சாயலே புலப்படுகிறது. வள்ளுவர் சமணர் என்னும் கருத்து அக்காலப் புலவரிடையே வழங்கியதனால், எழுதுவித்தவர் அக்கருத்தையே பொன்னில் பதித்தார் போலும்.

எல்லிஸ் கைக்குத் திருக்குறள் ஏடு எவ்வாறு சென்றது என்பது நம் இளைஞர்கள் அனைவரும் நெஞ்சில் நிறுத்த வேண்டிய செய்தி. பண்டிதர் அயோத்திதாசர் (1845–1914) இதனைப் பதிவு செய்திருக்கிறார். அவருடைய பாட்டனார் கந்தப்பன் என்பவர், ஆரிங்டன் என்னும் ஆங்கில அதிகாரியிடம் பட்லராக இருந்தவர். தம் குடும்பத்தில் காக்கப்பட்டு வந்த திருக்குறள், திருவள்ளுவமாலை, நாலடி நானூறு ஆகியவற்றின் ஏடுகளை அந்த அதிகாரியின் வாயிலாக எல்லிஸிடம் சேர்ப்பித்தார். 1812-இல் திருக்குறள் முதன்முதலாக அச்சேறிற்று. ஏட்டைக் காத்துக் கொடுத்தவர் சமையற்கட்டில் பணிபுரிந்த நம்மவர். ஆனால் ஏட்டை எழுதியவருக்கு முகம் அமைத்தபோது, எப்படி அமைக்கலாம் என்று கந்தப்பனாரை ஒருவரும் கேட்கவில்லை. அவருடைய முகமும் எங்கும் எழுதப்படவில்லை. இராயப்பேட்டையில் 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய பேரன் இதனை எழுதி வைத்திராவிட்டால் அப்பெயரும் மறைந்தே போயிருக்கும்.

இன்று அரசு அலுவலகங்களிலும் பேருந்துகளிலும் பள்ளிகளிலும் நாம் காணும் வள்ளுவர் படத்தை எழுதியவர் ஓவியர் கே. ஆர். வேணுகோபால் சர்மா. ஆரணிப் பகுதியிலுள்ள காமக்கூர் என்னும் ஊரைச் சேர்ந்தவர். இப்படத்தை எழுதும்படி அரசோ, சங்கமோ, செல்வரோ அவரிடம் அச்சாரம் கொடுக்கவில்லை. அவர் தாமாகவே குறளைப் பயின்று, பல ஆண்டுகள் சிந்தித்து, எழுதி எழுதி அழித்து, இறுதியில் ஓர் உருவத்திற்கு வந்து சேர்ந்தார். குறளில் எச்சமயத்தின் பெயரும் இல்லை. ஆதலின் உருவத்திலும் சமயக்குறி இருத்தலாகாது என்பது அவர் கொண்ட முடிவு. வெண்ணிற ஆடை, பலகைமீது அமர்ந்த நிலை, கையில் எழுத்தாணியும் ஏடும், நெற்றியில் நீறும் இல்லை, நாமமும் இல்லை, மார்பில் நூலும் இல்லை. ஒவ்வோர் உறுப்புக்கும் குறளிலிருந்தே காரணம் கூறினார். அறிஞர்களும் அரசியல் தலைவர்களும் அவர் இல்லத்திற்கே சென்று படத்தைக் கண்டு உடன்பட்டார்கள். 1964-இல் அன்றைய துணைக் குடியரசுத் தலைவர் சாகிர் உசேன் அவர்கள் சட்டமன்றத்தில் அப்படத்தைத் திறந்து வைத்தார். அண்ணா அவர்கள் முதலமைச்சரான பின் 1967-இல், அரசு அலுவலகங்கள் எல்லாவற்றிலும் அப்படம் இடம்பெற வேண்டும் என ஆணை பிறந்தது.

சர்மா பிறப்பால் பிராமணர். அவருடைய தூரிகை வள்ளுவரின் பூணூலை நீக்கியது. இதனை நாம் நன்றியுடன் குறித்தல் வேண்டும். ஓவியர் எச்சாதியினர் என்று கேட்பதனால் பயனில்லை. எழுதப்படுபவரைப் பற்றி அவர் எவ்வளவு படித்தார் என்று கேட்பதே பொருத்தம். அதே வேளையில், எழுதி முடிந்த முகமும் பாதுகாப்பானதன்று என்பதனையும் காலம் காட்டியிருக்கிறது. 2019-இல் அதே வள்ளுவருக்குக் காவி உடையும் திருநீறும் இட்டு வெளியிடப்பட்ட படம் தமிழகமெங்கும் பெரும் விவாதத்தை எழுப்பியது. வண்ணத்தை மாற்றுவதற்கு இன்று ஓவியர்கூடத் தேவையில்லை.

இனி, பணம் கொடுத்து ஆளமர்த்தி உருவம் அமைப்பித்த வரலாற்றைப் பார்ப்போம். சென்னையில் இவ்வகையில் புகழ்பெற்றது சர் தாமஸ் மன்றோவின் குதிரைச் சிலை. 1827-இல் ஆளுநர் மன்றோ வாந்திபேதியால் காலமானார். நகரப் பெருமக்கள் நிதி திரட்டினார்கள். அன்று சென்னையில் அத்தகைய வெண்கலச் சிலையை வார்க்க வல்லவர் எவரும் இலர் என்று கருதி, இலண்டனில் இருந்த பிரான்சிஸ் சாண்ட்ரி என்னும் சிற்பியிடம் பணியை ஒப்படைத்தார்கள். சிலை கப்பலேறி வந்து பீடத்தில் நின்றது 1839-இல். மறைவுக்கும் சிலைக்கும் இடையே பன்னிரண்டு ஆண்டுகள்! நமது படம் ஆறு மாதத்தில் முடியவில்லை என்று கடிந்துகொள்ளும் உறுப்பினர்கள் இதனை எண்ணிப் பார்ப்பார்களாக. குதிரைக்குச் சேணமும் இல்லை, கால்மிதியும் இல்லை. சிற்பி மறந்துவிட்டான் என்று நம் ஊரில் கதை கட்டினார்கள். சேணமின்றி அமைப்பது பழங்கால உரோமானிய மரபு. சாண்ட்ரி அதனை அறிந்தே செய்தார். எழுதுவித்தவர்க்கும் எழுதியவர்க்கும் இடையே நடந்த பேச்சு வெளியில் தெரியாவிட்டால், ஊர் இவ்வாறு கதை கட்டிக்கொள்ளும்.

சோழர் காலத்து நடராசரை வார்த்த நாட்டில் வெண்கலம் வார்க்க ஆளில்லை என்று இலண்டனுக்கு எழுதியதுதான் எனக்கு வியப்பு. தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருச்செய்து, வண்டல் மண்ணை அப்பி, மெழுகை உருக்கி வெளியேற்றி, உலோகத்தை ஊற்றும் கலையைச் சுவாமிமலை ஸ்தபதிகள் அன்றும் செய்துகொண்டிருந்தார்கள், இன்றும் செய்கிறார்கள். ஆனால் அக்கலையில் தெய்வத்திற்கு அளவு உண்டு, தாளம் உண்டு. மனிதர் ஒருவரின் சொந்த முகச்சாயலுக்கு அங்கே இடம் குறைவு. மனித முகத்தை உள்ளவாறு பிடிக்கும் பயிற்சி வேறு வழியில் இந்நகருக்கு வந்தது.

டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் என்பவர் 1850-இல் தொடங்கிய கலைப்பள்ளியே அந்த வழி. எழும்பூருக்கு அண்மையில், பூந்தமல்லி நெடுஞ்சாலையில், இன்று அரசு கவின்கலைக் கல்லூரி என்னும் பெயரில் விளங்குவது அதுவே. 1929-இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி அதன் முதல் இந்தியத் தலைவரானார். 1957 வரையில் அப்பொறுப்பில் இருந்தார். மெரீனாக் கடற்கரையில் 1959-இல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலையும் காந்தியடிகள் சிலையும் அவர் வடித்தவை. உழைப்பாளர் சிலையை நம் இளைஞர்கள் ஒருமுறை நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். நால்வர் ஒரு பாறையைப் பெயர்க்கிறார்கள். அங்கே அமைச்சரும் இல்லை, ஆளுநரும் இல்லை, வள்ளலும் இல்லை. அச்சிலைக்கு மாதிரியாக நின்றவர்களுள் ஒருவர் அக்கல்லூரியின் காவலாளி, மற்றொருவர் மாணவர். முதுகெலும்பு வளைய நெம்புகோலை அழுத்தும் அந்த உடல்களை எந்தச் செல்வர் வீட்டுக் கூடத்திலும் ராய் சௌத்ரி கண்டிருக்கமுடியாது. கூலிக்காரனின் உடலும் வெண்கலத்திற்கு உரியது என்று இந்நகரில் முதன்முதலாக உரக்கச் சொன்ன சிலை அது என்பது என் கருத்து.

ராய் சௌத்ரியின் மாணவரான எஸ். தனபால் 1919-இல் மயிலாப்பூரிலேயே பிறந்தவர். பின்னாளில் அக்கல்லூரியின் தலைவராகவும் இருந்தார். பெரியாரை நேரில் பார்த்து அவர் வடித்த தலைச்சிற்பம், பெரியாரின் நூற்றுக்கணக்கான உருவங்களுள் உயிருள்ளது என்று அறிந்தோர் கூறுவர். புகைப்படத்தைப் பார்த்து வடிப்பதற்கும், ஆளை எதிரில் அமர்த்தி வடிப்பதற்கும் உள்ள வேற்றுமையை அறிய விரும்புவோர், அச்சிற்பத்தையும் தெருமுனைச் சிமெண்டுச் சிலை ஒன்றையும் ஒப்பிட்டு நோக்கலாம். கே. சி. எஸ். பணிக்கர் தலைமையில் கலைஞர்கள் ஒன்றுகூடி 1966-இல் அடையாற்றுக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை அமைத்தார்கள். பத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களை விற்று அதில் வந்த பணத்தில் நிலம் வாங்கினார்கள். பிறர் சொற்படி எழுதிப் பிழைக்க வேண்டிய நிலை தமக்கு வேண்டாம், கைத்தொழிலில் வயிற்றைக் கழுவிக்கொண்டு தம் விருப்பப்படி எழுதுவோம் என்பது அவர்கள் நோக்கம். எழுதுவிப்போராகிய நாம் இதனை உணர்வது நல்லது. ஓவியர் நம் கைக்கருவி அல்லர்.

மற்றொரு புறம், பிறர் சொற்படியே எழுதிய பெருங்கூட்டம் ஒன்றும் இந்நகரில் இருந்தது. அண்ணா சாலையில் வானளாவ நின்ற திரைப்படப் பதாகைகளையும் வெட்டுருவங்களையும் எழுதியவர்கள் அவர்கள். ஒரு சாண் அளவுள்ள நிழற்படத்தில் கட்டம் கோடிட்டு, அதனை நாற்பதடி உயரத்திற்குப் பெருக்கிக் காட்டும் வித்தை அவர்கள் கையில் இருந்தது. நம் குடியிருப்புகளைச் சேர்ந்த இளைஞர்கள் பலர் அத்தொழிலில் உதவியாளராகச் சேர்ந்து வண்ணம் குழைத்துப் பழகினார்கள். 2000-ஆம் ஆண்டுக்குப் பிறகு பிளெக்ஸ் அச்சு வந்தது. ஒரு வாரத்து வேலையை இயந்திரம் ஓர் இரவில் முடித்தது, தூரிகைகள் காய்ந்தன. கட்சிச் சுவரெழுத்தும், கடைப் பலகையும், நம் தெருமுனைகளில் அண்ணல் அம்பேத்கரின் சுவரோவியமுமே எஞ்சியவர்களுக்குச் சோறு போட்டன.

அண்ணலின் உருவம் என்றதும் ஒரு செய்தியை விரித்துரைக்க வேண்டும். நாடாளுமன்ற வளாகத்தில் அண்ணலின் வெண்கலச் சிலையை 1967 ஏப்ரல் 2 அன்று குடியரசுத் தலைவர் இராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். வடித்தவர் பம்பாய்ச் சிற்பி பி. வி. வாக். அண்ணலின் நினைவுக் குழுவினர் அளித்த சிலை அது. அரசு தானே முன்வந்து அமைத்ததன்று. கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிந்து, ஒரு கையில் அரசியலமைப்பு நூலை ஏந்தி, மறுகையை முன்னோக்கி நீட்டி நிற்கும் அந்நிலையே நாடு முழுவதும் நம் சேரிகளில் பெருகிற்று. அச்சு வைத்து வார்த்த சிமெண்டுச் சிலைகளுள் மூக்கு ஒருவாறும் கண்ணாடி ஒருவாறும் இருக்கலாம். நீட்டிய கையும் நூலும் மாறுவதில்லை. கலை நுணுக்கம் அறிந்தோர் அவற்றைக் கண்டு முகம் சுளிப்பதுண்டு. அச்சிலைகளுக்கு நிதி தந்தவர்கள் கூலிப் பணத்தில் பத்தும் இருபதுமாக எடுத்து வைத்தவர்கள் என்பதனை அவர்கள் அறியார். ஏழைகள் பணம் போட்டு எழுதுவித்த உருவம் இந்தியாவில் வேறு எவருக்கும் இத்தனை இல்லை என்று துணிந்து கூறுவேன். அவற்றுள் பல இன்றும் இரும்புக் கம்பிக் கூண்டுக்குள் நிற்கின்றன. கூண்டு போட்டவர்கள் பாதுகாப்புக்கு என்கிறார்கள்.

அந்த 1967-ஆம் ஆண்டுச் சிலையும் 2024-இல் நாடாளுமன்ற வளாகத்திற்குள்ளேயே வேறிடத்திற்கு மாற்றப்பட்டது. நாடாளுமன்ற மைய மண்டபத்தில் அண்ணலின் ஓவியம் இடம்பெற்றதோ 1990 ஏப்ரல் 12 அன்றுதான். பிரதமர் வி. பி. சிங் திறந்து வைத்தார். எழுதியவர் ஜெபா அம்ரோகவி என்னும் பெண்மணி. அண்ணல் மறைந்தது 1956-இல். அம்மண்டபத்தில்தான் அரசியலமைப்பு அவை கூடிற்று என்பதனை நினைத்தால், இடைப்பட்ட முப்பத்து மூன்று ஆண்டுகளும் எளிதில் விழுங்கக்கூடியவை அல்ல.

நம் நகரத் தலைவர்கள் செய்தியும் இவ்வாறே. இரட்டைமலை சீனிவாசனார் 1930-இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டுக்குச் சென்றவர். எம். சி. ராஜா பரங்கிமலையில் பிறந்து ஆசிரியராகத் தொடங்கிச் சட்டமன்றம் புகுந்தவர். இவ்விருவர்க்கும் நிழற்படம் உண்டு. ஆதலின் பிற்காலத்து ஓவியர் தடுமாறத் தேவையில்லை. அயோத்திதாசருக்கோ, தலைப்பாகையுடன் கூடிய ஒரே சாயலையே பெரும்பாலும் எல்லா இடத்தும் காண்கிறோம். கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் அவருக்கு மணிமண்டபம் 2023-இல் திறக்கப்பட்டது. அவர் மறைந்து நூற்றொன்பது ஆண்டுகள் கழிந்த பின்னர்! உயிரோடு இருக்கும்போது ஒருவரை நான்கு கோணங்களில் நிழற்படம் எடுத்து வைத்துக்கொள்வதற்கு இன்று செலவே இல்லை. நம் சங்கத்தின் மூத்த உறுப்பினர்களை இவ்வாண்டிலேயே அவ்வாறு எடுத்து வைக்க வேண்டும் என்று இளைஞரணியைக் கேட்டுக்கொள்கிறேன்.

இனி என் சொந்த அனுபவம் ஒன்றைக் கூறாமல் இக்கட்டுரை முழுமை பெறாது. பல ஆண்டுகளுக்கு முன், பிறிதோர் அமைப்பின் சார்பில் மறைந்த பெரியவர் ஒருவரின் படம் எழுதுவிக்கும் பொறுப்பு என்னிடமும் இன்னும் இருவரிடமும் ஒப்படைக்கப்பட்டது. பெயர் சொல்ல வேண்டா. நகரின் மையப் பகுதியில் நல்ல பெயருடன் தொழில் நடத்திய ஓவியர் ஒருவரிடம் சென்றோம். கையிலிருந்தது ஒரு திருமணக் கூட்டப் படத்திலிருந்து வெட்டியெடுத்த, கட்டைவிரல் நகத்தளவு முகம். தொகையில் பாதியை முன்பணமாகக் கொடுத்தோம். எழுத்தில் ஒன்றும் எழுதிக்கொள்ளவில்லை. மூன்று மாதம் கழித்துப் படத்தைப் பார்த்தபோது எங்களுக்குப் பேச்சு எழவில்லை. பெரியவர் கருநிறத்தவர், அவருடைய நிறமே ஊரில் அவருக்கு அடையாளப் பெயராக இருந்தது. படத்தில் இருந்தவரோ கோதுமை நிறத்தவர். மூக்கும் சற்றே கூர்மையாக்கப்பட்டிருந்தது. "ஐயா, நிறம் மாறியிருக்கிறதே" என்றேன். "கறுப்பாகப் போட்டால் கூடத்தில் எடுபடாது சார், உங்களவர்களுக்குக் கௌரவமாகத்தான் செய்திருக்கிறேன்" என்றார் அவர். தீய எண்ணத்தோடு சொல்லவில்லை. நல்லெண்ணத்தோடு சொன்னார் என்பதே என்னை இன்றளவும் வருத்துகிறது. மிச்சப் பணத்தைக் கொடுத்துப் படத்தை வாங்கி வந்தோம். திறப்பு விழாவன்று பெரியவரின் துணைவியார் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "யாரப்பா இது?" என்று கேட்டார்.

பிழை ஓவியருடையது மட்டுமன்று. நாங்கள் நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. கோட்டுருவைப் பார்க்க வேண்டும் என்று கேட்கவில்லை. இடையில் ஒருமுறையேனும் பட்டறைக்குச் செல்லவில்லை. குடும்பத்தாரை அழைத்துச் செல்லவில்லை.

ஆகவே இம்முறை என்ன செய்யலாம் என்பது பற்றிச் சில கூறுகிறேன். ஓவியரைத் தேடுவோர் முதலில் கவின்கலைக் கல்லூரியில் விசாரிக்கலாம். அங்குப் பயின்று வெளிவந்த நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு முதல் வாய்ப்பை நாம் தராவிட்டால் வேறு யார் தருவார்? ஆனால் நம்மவர் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்துவிடலாகாது. அவர் எழுதிய மனித முகங்கள் ஐந்தாறேனும் பார்க்க வேண்டும். இயற்கைக் காட்சி அழகாக எழுதுபவருக்கு முகம் பிடிபட வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. கூடுமானால் யாருடைய முகம் எழுதப்பட்டதோ அவரையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது உத்தமம். தைலவண்ணத்தில் கித்தான்மீது எழுதுவதா, வேறு வண்ணத்திலா, எந்த அளவில், சட்டம் யார் செலவில் என்பன முன்கூட்டியே முடிவாக வேண்டும். தொகையை மூன்று கூறாக்கி, முதற்கூறை அச்சாரமாகவும், இரண்டாம் கூறைக் கோட்டுருவுக்கு உடன்பட்ட பின்பும், மூன்றாம் கூறைப் படம் கைக்கு வந்த பின்பும் கொடுப்பது இரு திறத்தார்க்கும் நல்லது. சிலையாயின், களிமண் மாதிரி முடிந்தவுடன் குழுவினர் சென்று பார்த்துக் கையொப்பமிட வேண்டும். களிமண்ணில் காதை மாற்றுவது ஒரு நாழிகை வேலை. வார்த்த பின் மாற்றுவது நடவாத காரியம். மேலும் 2013-இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணையின்படி, போக்குவரத்துக்கு இடையூறாகப் பொதுச் சாலைகளில் சிலை நிறுவ இடமில்லை. நமக்கு அந்தத் தொல்லை வேண்டா. கூடத்துச் சுவர் நம்முடையது.

பதிப்புரிமை பற்றியும் ஒரு சொல். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் பணம் பெற்று எழுதப்பட்ட உருவப்படத்தின் முதல் உரிமை, மாறான ஒப்பந்தம் இல்லாதவரை, எழுதுவித்தவருக்கே உரியது. ஆனால் ஓவியர்க்குத் தம் பெயர் குறிக்கப்படும் உரிமையும், படைப்பு சிதைக்கப்படாதிருக்கும் உரிமையும் என்றும் உண்டு. தில்லி விஞ்ஞான் பவனத்தில் அமர்நாத் சேகல் என்னும் சிற்பி அரசுக்காக அமைத்த பெரிய சுவர்ச்சிற்பத்தை 1979-இல் பெயர்த்துக் கிடங்கில் போட்டார்கள். அவர் வழக்குத் தொடுத்தார். 2005-இல் தில்லி உயர் நீதிமன்றம், எஞ்சிய பகுதியை அவரிடம் திருப்பித் தரவும் ஐந்து இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் தீர்ப்பளித்தது. ஆகவே, கூடத்திற்கு வெள்ளையடிக்கும்போது படத்தின்மீது சுண்ணாம்பு தெறித்தால் பொறுப்பு நம்முடையது என்பதனைப் பராமரிப்புக் குழுவினர் அறிவார்களாக.

கணிப்பொறியில் பெரிதாக்கினால் என்ன என்று கேட்ட இளைஞருக்கு விடை சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். நிறுவனரின் நிழற்படம் நம்மிடம் ஒன்றே ஒன்று உள்ளது. குடும்ப அட்டைக்கு எடுத்தது. அச்சத்தோடு விழித்தபடி இருக்கிறார். பெரிதாக்கினால் அந்த அச்சமும் சேர்ந்து பெரிதாகும். அவர் அச்சப்பட்டு நாம் கண்டதில்லை. மாலை நேரப் பாடசாலையில் தெருவிளக்கின்கீழ் நின்று வாய்பாடு சொல்லிக் கொடுத்த முகத்தைப் படப்பெட்டி பிடிக்கவில்லை. அதனைக் கண்டவர்கள் இன்னும் இருபது பேர் நம்மிடையே உயிரோடு இருக்கிறார்கள்.

பொதுக்குழுவுக்குப் பின் மூவர் அடங்கிய குழு அமைந்தது. கவின்கலைக் கல்லூரியில் பயின்ற பெண் ஓவியர் ஒருவர் பணியை ஏற்றுக்கொண்டார். அவர் வண்ணத்தைத் தொடுவதற்கு முன் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் நம் தெருவுக்கு வந்து, நிறுவனரின் தமக்கையாரோடும் பழைய மாணவர்களோடும் அமர்ந்து கேட்டறிந்து, கரிக்கோலால் பதினோரு உருக்கள் எழுதினார். தமக்கையாருக்கு வயது எண்பத்து நான்கு. ஆறாவது உருவைக் கையில் வாங்கியவர், "தம்பி காது இவ்வளவு சின்னது இல்லையம்மா" என்றார். ஓவியர் அங்கேயே அழித்து எழுதினார். நிறத்தைப் பற்றி ஒப்பந்தத்தில் தனியாக ஒரு வரி சேர்த்திருக்கிறோம். விழா நாளன்று படத்தைத் திறந்து வைப்பவர் அந்தத் தமக்கையாரே.